இலுப்பைப் பூ வழக்கில் ஆமை வாங்கிய வாய்தா

தேன் தாராளமாகவும் நியாயம் அளவாகவும் கிடைத்து வந்த ஒரு காட்டில், கூர்மநாதர் என்றோர் ஆமை வக்கீலாக இருந்தார். வேலை கொடுப்பவர்களுக்காக மட்டுமே வாதாடுவார். வேலை செய்கிறவர்கள் பக்கமும் நிற்க அவருக்கு ஆசைதான் குழந்தைகளே, ஆனால் அவர்களிடம் சுனை இல்லையே. கரடி முதலாளியிடம் இருந்தது. குகைக்குப் பின்னால், கோடையிலும் வற்றாத, நாள் முழுக்க நிழல் விழும் சுனை. தன் வக்கீலாக இருக்கும்வரை அதில் கூர்மநாதர் குடியிருக்கலாம் என்று கரடி சொல்லியிருந்தார்.

கூர்மநாதருக்குச் சட்டம் அவ்வளவாகத் தெரியாது. வாதத்திலும் பெரிய சூரர் இல்லை. ஆனால் வாய்தா வாங்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. விசாரணை நாளன்று கழுத்தை மெல்ல வெளியே நீட்டி, தமக்கு அவகாசம் வேண்டும் என்பார். பிறகு கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்வார். அதோடு அன்றைய உழைப்பு முடிந்தது.

இப்படித்தான் ஒரு வெட்டுக்கிளி, தன்னைக் காரணமில்லாமல் வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள் என்று வழக்குப் போட்டது. மூன்றாவது வாய்தாவுக்கு அதன் பேரன் வந்து நின்றான். அவனுக்கு வழக்கு என்னவென்றே தெரியவில்லை. தெரியாத வழக்கை எதற்கு நடத்துவது என்று கூர்மநாதர் பரிவோடு கேட்டார். வழக்கு தள்ளுபடி ஆயிற்று. முதலாளிமார்கள் எல்லாரும் அவரைத் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

இன்னொரு சாதனையும் அவருக்கு உண்டு. வழக்கு முடியும்வரை எது எங்கே இருக்கிறதோ அது அங்கேயே இருக்க வேண்டும், மீறுகிறவர் காட்டை விட்டே போக வேண்டும் என்று ஒரு விதியை நடுவர் எருமையிடம் வாங்கி வைத்திருந்தார். வேலையிலிருந்து விரட்டப்பட்டவர்கள் வழக்கு முடியும்வரை வெளியிலேயே நிற்பார்கள். நின்று நின்று கால் வலித்து, வழக்கே வேண்டாம் என்று போய்விடுவார்கள். எவ்வளவு அருமையான விதி பாருங்கள்.

அந்த ஆண்டு கோடையில் கரடியிடம் அணில்கள் வேலை செய்தார்கள். விடியற்காலையில் உதிரும் இலுப்பைப் பூவைப் பொறுக்கிப் பாறைமேல் பரப்புவார்கள். காய்ந்ததும் குகைக்குள் கொண்டுபோய் வைப்பார்கள். கரடிக்கு அடுத்த கோடைவரை அதுதான் சாப்பாடு.

உச்சி வெயிலில் பாறை கொதித்தது. அணில்களின் உள்ளங்கால் எல்லாம் கொப்புளம். வரிச்சி என்ற அணில் எல்லாருக்காகவும் போய்ப் பேசினாள். நடுப்பகலில் ஒரே ஒரு நாழிகை நிழலில் உட்கார விட வேண்டும், அவ்வளவுதான் கேட்டாள். கிடைக்கும்வரை பாறையில் ஏற மாட்டோம் என்று அணில்கள் இலுப்பை மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்கள். பாறை நிறையப் பூ அப்படியே கிடந்தது.

கரடி முதலாளி தலையைச் சொறிந்தார். "ஒரு நாழிகைதானே வக்கீலய்யா, குடுத்துத் தொலைச்சிடலாமா?"

கூர்மநாதர் கணக்குப் போட்டுப் பார்த்தார். முதலாளியும் அணிலும் தாங்களே பேசி முடித்துக்கொண்டால் வக்கீல் எதற்கு? வக்கீல் இல்லையென்றால் சுனை எதற்கு? அவர் பதறாமல் சொன்னார்: "இன்னைக்கு நிழல் கேப்பாங்க முதலாளி. நாளைக்குத் தண்ணி கேப்பாங்க. நாளன்னைக்கு, நீங்க ஏன் பாறையில ஏறக் கூடாதுன்னு கேப்பாங்க. என்கிட்ட விடுங்க. முதலாளி நேர்ல பேசறதெல்லாம் மரியாதை இல்ல."

கரடிக்கு மரியாதை என்றால் உயிர். வழக்கு நடுவரிடம் போயிற்று.

நடுவர் எருமை குட்டையில் படுத்து அசைபோட்டபடி விசாரித்தார். வரிச்சி தன் காலைத் தூக்கிக் காட்டினாள். நிழலுக்குச் சம்மதம் என்றால் இந்த நிமிடமே எல்லாப் பூவையும் உள்ளே வைத்துவிடுவோம் என்றாள்.

கூர்மநாதர் கழுத்தை நீட்டினார். "கனம் நடுவர் அவர்களே, பாறை சுடுகிறது என்பது வெறும் குற்றச்சாட்டு. நான் நேரில் சென்று பார்வையிட வேண்டும். என் நடைக்கு ஏழு நாள் அவகாசம் தேவை."

"ஐயா, எறும்பெல்லாம் முட்டையத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஏறுதுங்க" என்றாள் வரிச்சி. "மழை வரப்போவுது. ஏழு நாள் பூவு தாங்காதுங்க."

"எறும்பு இந்த வழக்கில் கட்சிக்காரர் அல்ல" என்றார் கூர்மநாதர்.

சபையில் இருந்த முதலாளிமார்கள் ரசித்துச் சிரித்தார்கள். எருமை ஏழு நாள் வாய்தா கொடுத்தார். கூடவே வழக்கமான உத்தரவும் வந்தது: அணில்கள் மரத்தடியில், பூ பாறைமேல், யாரும் எதையும் தொடக் கூடாது. இன்னொரு வெற்றி என்று கூர்மநாதர் சுனைக்குத் திரும்பினார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் குழந்தைகளே. இத்தனை நாளும் அந்த உத்தரவில் வெயிலில் நின்றவர்கள் வேலைக்காரர்கள். இந்த முறை அவர்கள் சுகமாக நிழலில் உட்கார்ந்திருக்க, முதலாளியின் சாப்பாடு வெட்டவெளியில் கிடந்தது. காட்டிலேயே பெரிய வக்கீலுக்கு இது தோன்றவில்லை. அவர்தான் வாய்தா கிடைத்த சந்தோஷத்தில் இருந்தாரே.

மறுநாள் காலையில் மேற்கே மேகம் திரண்டது. கரடி மூச்சு வாங்க ஓடிவந்தார். பூவைத் தானே வாரி உள்ளே போடலாமா என்று கேட்டார். போட்டால் காட்டை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்று கூர்மநாதர் பெருமையோடு விளக்கினார்.

"அப்படின்னா உடனே போய் நடுவர்கிட்ட சமாதானம்னு சொல்லிட்டு வாங்க வக்கீலய்யா. நிழலு குடுத்தாச்சுன்னு சொல்லுங்க. ஓடுங்க."

கூர்மநாதர் புறப்பட்டார். ஓட்டம் என்பது அவர் தொழில் பழக்கத்திலேயே இல்லாத விஷயம். போதாக்குறைக்கு மனசும் ஒத்துழைக்கவில்லை. ஓரடி வைத்தார், சமாதானம் ஆகிவிட்டால் தன் கதி என்ன என்று யோசித்தார். அடுத்த அடிக்குச் சுனையின் குளிர்ச்சி ஞாபகம் வந்தது. ஒரு புதர் ஓரமாக நின்று, மேகம் கலைந்துவிடாதா என்று பார்த்தார். முதலாளிக்குச் சாப்பாடு போய்விடுமே என்று அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அந்த வருத்தம் காலுக்கு வந்து சேரவில்லை.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பாறையைக் கழுவிவிடுவது போல் அடித்துப் பெய்தது. பூவெல்லாம் சேறும் சருகுமாக ஓடையோடு போயிற்று.

கரடி அதைப் பார்த்தார். பிறகு மரியாதையைக் காற்றில் விட்டுவிட்டு, நனைந்துகொண்டே இலுப்பை மரத்தடிக்கு நடந்தார். "நாளையிலேருந்து நடுப்பகல்ல ஒரு நாழிகை உக்காந்துக்கங்கம்மா" என்றார்.

"சரிங்க" என்றாள் வரிச்சி. "நாளைக்கு உதிர்ற பூவாச்சும் மிஞ்சட்டும்."

இருவரும் எருமையிடம் போய், வழக்கு இல்லை என்றார்கள். எருமை தலையசைத்தார். மழையில் அவருக்கு எல்லாமே சந்தோஷமாக இருந்தது. அவ்வளவுதான் குழந்தைகளே, இலுப்பைப் பூ வழக்கு முழுவதும் இரண்டு தலையசைப்பு நேரத்தில் முடிந்துவிட்டது. திரும்பி வரும் வழியில், நடுவரிடம் போய்க்கொண்டிருந்த கூர்மநாதரை அவர்கள் எதிரே சந்தித்தார்கள்.

"முடிஞ்சிடுச்சு வக்கீலய்யா" என்றார் கரடி. "பேசினா முடியற விஷயம்னு எனக்கு இத்தனை நாளாத் தெரியல. இனிமே நாங்களே பேசிக்கறோம். நீங்க சுனையக் காலி பண்ணிடுங்க."

கூர்மநாதர் திகைத்துப்போனார். எத்தனை பேரை வேலையிலிருந்து அனுப்பியவர் அவர். அனுப்பப்படுவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. கழுத்தை மெல்ல நீட்டினார். "காலி செய்வதற்கு எனக்கு ஒரு மாத கால அவகாசம்..."

கரடி குனிந்து அவரை ஒரு கையால் தூக்கினார். நாலு எட்டில் சுனையைத் தாண்டி, காட்டின் எல்லையில் இருந்த பொட்டல் வெளியில் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினார்.

கூர்மநாதர் தம் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக எங்கும் போய்ச் சேர்ந்ததில்லை.

நீதி: பிறருடைய நியாயத்தைத் தள்ளிப்போட்டே பிழைக்கிறவன், தன்னுடைய அவசரத்துக்கும் தாமதமாகத்தான் வந்து சேர்வான்.