சர்வேயர் வாங்கிய மூன்றாவது போன்

தாமிரபரணிக் கரையில் இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்தில், குருவைவிட வயதில் மூத்த சீடர் குற்றாலிங்கம் ஒருவர்தான். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட மகள் கோமதியோடு ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நாலு வயதுப் பேத்தியின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. இப்போது மனசு கேட்கவில்லை. புனேவில் இருக்கும் அவர்களைப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று துடித்தார்.

துடித்தாரே தவிர, கிளம்பிய பாடில்லை. வழி காட்ட நல்ல போன் வேண்டுமாம்.

முதல் போனை நாலாம் நாளே கடையில் திருப்பிக் கொடுத்தார். ஆசிரமக் கிணற்றிலிருந்து சமையல்கட்டு வரை டேப் பிடித்து அளந்திருக்கிறார்; போன் ஆறடி கூடுதலாகச் சொல்லிவிட்டது. இரண்டாவது போன் அவர் கிணற்றுக்குள்ளேயே நிற்பதாகக் காட்டியது. அதுவும் கடைக்கே திரும்பிப் போயிற்று. அவர் தலையைத் தூரத்தில் கண்டாலே கடைக்காரர் ஷட்டரை இறக்கத் தொடங்கினார்.

மூன்றாவது போனோடு குருவிடம் வந்தார்.

“சாமி, இது தேவலை. இதை நம்பிப் புறப்படலாமா?”

“இதுல என்னென்ன படிச்சிருக்கீங்க, சர்வேயரய்யா?”

“ரயில் எங்க வருதுன்னு பாப்பேன். புனேல மழையான்னு பாப்பேன். நான் தமிழ்ல சொன்னா அது மராத்தியில சொல்லும், பாருங்க.”

போனிடம் “தண்ணி வேணும்” என்றார். அது மராத்தியில் ஏதோ அதட்டியது. பக்கத்தில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது.

“மகள் வீடு தெரியுமா?”

குற்றாலிங்கம் போன் வரைபடத்தில் தெருப் படங்களைத் திறந்து, விரலால் தள்ளிக்கொண்டே போனார். தெரு வந்தது. பச்சைக் கேட்டு வந்தது. அதில் ஒரு குழந்தை சைக்கிள் சாய்ந்திருந்தது.

“தெனமும் இதுவரைக்கும் போயிருவேன், சாமி.” சைக்கிளை விரலால் தொட்டுக் காட்டினார். “எம் பேத்தி சைக்கிளாத்தான் இருக்கும். இதுக்கு மேல போக மாட்டேங்கு. இன்னும் வெல கூடுன போன்னா உள்ள போகுமா?”

குரு கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

“கோமதி நம்பர் இருக்கா?”

“மனப்பாடம், சாமி.”

மூச்சு விடாமல் பத்து எண்களையும் ஒப்பித்தார். அவர் சொல்லச் சொல்லக் குருவின் கட்டைவிரல் திரையில் ஓடியது. பிறகு போனைத் திருப்பி அவர் கையிலேயே வைத்தார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

“ஐயோ, என்ன சாமி பண்ணிட்டீக?”

“ஒண்ணுமில்ல, சர்வேயரய்யா. இதுல பேசவும் முடியுமாம்.”