உடும்பு எழுதிய நாற்பத்தெட்டு ஓலை

ஆவாரங்காட்டுக் குட்டையின் கரையில் ஓர் உடும்பு இருந்தது. அதன் பெயர் கெட்டியப்பன். உடும்பு பிடித்தால் விடாது என்று உலகம் சொல்லும். கெட்டியப்பன் பிடித்ததையெல்லாம் விட்டுவிடும்.

மரம் ஏறினால் பாதி மரத்தில் இறங்கிவிடும். நீந்தப் போனால் பாதிக் குட்டையில் திரும்பிவிடும். பொந்து தோண்டியது, அதையும் பாதியில் விட்டது. அதனால் தலையும் உடம்பும் பொந்துக்குள் இருக்கும், வால் வெளியே வழியில் கிடக்கும். தண்ணீர் குடிக்கப் போகிற மிருகங்கள் எல்லாம் அதை மிதித்துக்கொண்டுதான் போகும்.

மிதிபடுவதுகூடப் பரவாயில்லை. ஒரு பருந்து இரண்டு முறை கீழே இறங்கி அந்த வாலை விசாரித்துவிட்டுப் போயிருந்தது. மூன்றாம் முறை அது விசாரணையோடு நிற்காது என்று கெட்டியப்பனுக்குத் தெரியும். ஆனாலும் நாளைக்குத் தோண்டிக்கொள்ளலாம் என்று இருந்தது.

அதே கரையில் ஊசியம்மாள் என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தது. போகிற இடமெல்லாம் அதன் முள் உதிரும். எதையும் வீணாக்கப் பிடிக்காத குணம் அதற்கு. உதிர்ந்த முள்ளையெல்லாம் சேர்த்து வைத்தது. ஒரு கோடைக்காலையில் எல்லாரும் தண்ணீர் குடிக்க வந்தபோது வழியை மறித்து நின்றுகொண்டது.

"எல்லாரும் கேளுங்க! நாம ஒரு மண்டலம் எழுதப் போறோம்! நாப்பத்தெட்டு நாள், தினம் ஒரு ஓலை. சாயங்காலம் நாவல் மரத்தடியில கூடி, அவங்கவங்க எழுதினதை வாசிக்கணும். ஒரு நாள் விட்டாலும் ஆட்டம் காலி!"

"என்னத்தை எழுதுறது?" என்று முயல் கேட்டது.

"அது உங்க பாடு. எழுதுற முள்ளு என் பாடு!"

"முடிச்சா என்ன கிடைக்கும்?" என்று நரி கேட்டது. நரி எதையும் முடிவிலிருந்துதான் கேட்கும்.

"பாறைப் பொந்து!" என்றது ஊசியம்மாள்.

கூட்டம் சலசலத்தது. பாறைப் பொந்தில் இருந்த கீரி, மாமனார் வீட்டோடு போய்விட்டது. ஆழமான பொந்து. கோடையில் குளிரும், மழையில் ஒழுகாது. வாலுக்கு ஒரு வால் முளைத்தாலும் உள்ளே அடங்கும்.

கெட்டியப்பன் யோசிக்காமல் கையைத் தூக்கிவிட்டது.

"நீயா!" என்று நரி சிரித்தது. "உன் பேரை எழுதச் சொன்னாலே 'கெட்டி'ன்னு எழுதிட்டு 'அப்பன்' நாளைக்குன்னு சொல்லுவியே!"

எல்லாரும் சிரித்தார்கள். கெட்டியப்பனுக்கு முகம் சுருங்கிப்போனது. சொன்னது என்னவோ உண்மைதான்.

பதினொரு பேர் சேர்ந்தார்கள். எல்லாரும் ஆரம்ப சூரர்கள். முதல் நாள் ஓலை கிடைக்காமல் அடிதடி. நான்காம் நாள் முயல் வரவில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்திருப்பதாகச் சொல்லியனுப்பியது. ஆறாம் நாள் குரங்கு தன் ஓலையைத் தானே தின்றுவிட்டது. தவளை மழை வந்தால்தான் தனக்கு எழுத்து வரும் என்று சொல்லிச் சேற்றுக்குள் போய்விட்டது.

கொக்கு விடவில்லை. அதன் எழுத்தே தனி. ஓலையின் தலையில் 'உ' என்று பிள்ளையார் சுழி போடும். அப்படி ஓர் அழகான சுழியை அந்தக் காடு கண்டதில்லை. சுழி போட்டுவிட்டு ஒற்றைக்காலில் நிற்கும். சாயங்காலம் வரை நிற்கும்.

"மிச்சம் எங்கே?" என்று ஊசியம்மாள் கேட்டால், "சரியான சொல்லு இன்னும் வரலை. வந்ததும் கொத்திடுவேன்!" என்று சொல்லும்.

நரியின் எழுத்துதான் எழுத்து! நிலாவைப் பற்றி ஒரு நாள், நீதியைப் பற்றி ஒரு நாள், தன்னைப் பற்றிப் பல நாள். குரலை ஏற்றி இறக்கி வாசிக்கும். கூட்டம் "ஆகா!" என்று சொல்லும். தினமும் நரி எப்போது உட்கார்ந்து எழுதுகிறது என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

கெட்டியப்பனுக்கோ எழுத ஒன்றுமே இல்லை. முதல் நாள் முள்ளைக் கையில் வைத்துக்கொண்டு உச்சிவேளை வரை விழித்தது.

"ஊசியக்கா, எனக்கு ஒண்ணும் தோணலையே!"

"தோண வேண்டாம். கண்ணால பார்த்ததை எழுது, போதும்."

கெட்டியப்பன் எதிரே பார்த்தது. குட்டைக்கு நடுவில் ஒரு கல்தூண் தெரிந்தது. நீந்திப் போய், தூணில் முந்தின நாள் ஈரக்கோட்டுக்குக் கீழே விரலை வைத்து அளந்தது. திரும்பி வந்து, 'உ. இன்று குட்டையில் தண்ணீர் ஒரு விரல் குறைந்தது' என்று எழுதியது.

சாயங்காலம் அதை வாசித்தது. யாரும் "ஆகா" சொல்லவில்லை. எங்கோ ஒரு பல்லி மட்டும் "ச்சு" கொட்டியது.

மறுநாளும் எழுதியது. 'உ. இன்று ஒரு விரல் குறைந்தது.' அதற்கு மறுநாளும் அதேதான்.

"இது எழுத்தா, குளிக்கப் போன இடத்துல விரலைத் தொலைச்சவன் புலம்பலா?" என்றது நரி.

பத்தொன்பதாம் நாள் கோடைமழை கொட்டியது. ஊரே நனைந்தது. நாவல் மரத்தடியில் எல்லாரும் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார்கள். நரி எழுந்து, உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, கணீரென்று வாசித்தது.

"உ. இன்றும் வானத்தில் ஒரு மேகம் இல்லை. புழுதி பறக்கிறது. ஒரு துளிக்கு ஏங்குகிறது என் நாக்கு!"

நரியின் மூக்கு நுனியிலிருந்து ஒரு துளி ஓலை மேல் விழுந்தது. எல்லாரும் அந்தத் துளியைப் பார்த்தார்கள்.

"இது வந்து... உள்ளத்தோட வறட்சி," என்றது நரி.

"நாளைக்கு வாசிக்கிற ஓலை எங்கே?" என்று ஊசியம்மாள் கேட்டது.

"அதுவும் தயாரா இருக்கு," என்று பழக்க தோஷத்தில் பெருமையாகச் சொல்லிவிட்டது நரி.

போய்ப் பார்த்தார்கள். நரியின் குகையில் மீதி இருபத்தொன்பது ஓலையும் கட்டாக இருந்தன. எல்லாம் முதல் நாளே எழுதியவை.

"முன்கூட்டி எழுதுறது தப்பா?" என்று நரி கத்தியது.

"தப்பே இல்லை," என்றது ஊசியம்மாள். "ஆனா பந்தயம் தினம் எழுதுறது. நீ ஒரே ஒரு நாள் எழுதியிருக்கே. மிச்சம் நாப்பத்தேழு நாள் பாக்கி."

அத்தோடு நரியின் ஆட்டம் முடிந்தது. கெட்டியப்பன் அன்று எழுதியிருந்த ஓலை: 'உ. இன்று மழை. தண்ணீர் ஒரு சாண் ஏறியது.' முதன்முறையாக அதற்கு இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

இருபத்தேழாம் நாள் கெட்டியப்பனின் பிடி தளர்ந்தது. வெயில் கொளுத்தியது. காலையில் தின்ற முட்டைகள் வயிற்றில் கனத்தன. தண்ணீர் எப்படியும் ஒரு விரல்தான் குறைந்திருக்கும், அதைப் போய்ப் பார்ப்பானேன் என்று தோன்றியது. பொந்துக்குள் தலையை வைத்துப் படுத்துவிட்டது.

நரி வாலருகே வந்து குந்தியது. "விட்டுட்டியா மாப்ளே? நல்லதா போச்சு! விடுறதுல உன்னை மிஞ்ச ஆளுண்டா?" என்று பரிவோடு சொல்லிவிட்டுப் போனது.

கெட்டியப்பனுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே தூங்கப் பார்த்தது.

பொழுது சாயும் நேரத்தில் யாரோ வாலை நன்றாக மிதித்தார்கள். காட்டுப்பன்றி! தன் அன்றைய ஓலையோடு மரத்தடிக்குப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் அதன் ஏழு குட்டிகளும் வரிசையாக மிதித்தன.

"ஏண்ணே, இன்னிக்கு மரத்தடிக்கு வரலியா?" என்றது பன்றி. "எத்தனை விரல்னு பிள்ளைங்க தினம் பந்தயம் கட்டுதுங்க. நீ சொல்லாம தூங்க மாட்டேன்னு அடம் பண்ணுதுங்க!"

"ஒரு விரல்!" என்றது ஒரு குட்டி. "ரெண்டு!" என்றது இன்னொன்று. "நீங்க போய்ப் பாருங்க மாமா!"

தான் எழுதும் வரிக்காக ஒருவர் காத்திருப்பார் என்று கெட்டியப்பன் கனவிலும் நினைத்ததில்லை. ஒரே தாவலில் குட்டையில் குதித்தது. அளந்தது, எழுதியது, ஓடியது. ஊசியம்மாள் ஓலைகளைக் கட்டப் போகிற நேரத்தில் போய்ச் சேர்ந்து, மூச்சிரைக்க வாசித்தது. 'உ. இன்று ஒரு விரல் குறைந்தது.' ஒரு குட்டி துள்ளிக் குதித்தது. ஆறு குட்டிகள் முறைத்தன.

அதற்குப் பிறகு கெட்டியப்பன் ஒரு நாளும் விடவில்லை. முப்பத்து நான்காம் நாள் இரண்டு விரல் குறைந்தது. நாற்பதாம் நாள் மூன்று. நாற்பத்தைந்தில் நான்கு. எண் பெரிதாகப் பெரிதாகக் குட்டிகளுக்குக் கொண்டாட்டம். அவை கைதட்டின, மற்றவர்களும் சேர்ந்து தட்டினார்கள்.

நாற்பத்தெட்டாம் நாள் வந்தது. முடித்தவர்கள் மூன்றே பேர். ஊசியம்மாள், காட்டுப்பன்றி, கெட்டியப்பன். கொக்கிடம் நாற்பத்தெட்டு சுழி இருந்தது.

முடித்தவர்கள் தங்கள் ஓலைகளை முதலிலிருந்து வாசிக்க வேண்டும் என்றது ஊசியம்மாள். கெட்டியப்பன் நாற்பத்தெட்டையும் ஒரே மூச்சில் வாசித்தது. ஒரு விரல், ஒரு விரல், ஒரு விரல். மழை. ஒரு விரல், ஒரு விரல். இரண்டு விரல். மூன்று விரல். நான்கு விரல்.

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை.

"நில்லு!" என்றது காட்டுப்பன்றி. "வெயில் அதே வெயில்தானே? குடிக்கிற வாயும் அதே வாய்தானே? முப்பத்தி நாலாம் நாள்லேருந்து தண்ணி ஏன் இப்படி ஓடுது?"

"இப்படியே போனா பத்து நாள்ல குட்டை காஞ்சிடும்!" என்றது ஊசியம்மாள். "பருவமழைக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கே!"

"எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றது கொக்கு. "என் முழங்கால் நனையறது நின்னுபோச்சு. சொல்லலாம்னுதான் இருந்தேன். சரியான சொல்லுதான் கிடைக்கலை."

எல்லாரும் கொக்கைப் பார்த்தார்கள். பிறகு எழுந்து கரையோரமாக ஓடினார்கள்.

கிழக்குக் கரையில் நண்டு தன் வளை வாசலில் உட்கார்ந்திருந்தது. நன்றாகக் கொழுத்திருந்தது.

"வளையில ஏதாவது வேலை பார்த்தியா?" என்று ஊசியம்மாள் கேட்டது.

"ஒண்ணுமில்லக்கா. உடம்பு பெருத்துப்போச்சு, இடம் பத்தலை. கொஞ்சம் பெரிசு பண்ணினேன்," என்றது நண்டு. "அப்படியே காத்தோட்டமா இருக்கட்டும்னு பின்வாசல் ஒண்ணு வச்சேன்."

கரையின் மறுபக்கம் போய்ப் பார்த்தார்கள். நண்டின் பின்வாசல் வழியாகக் குட்டை ஓடிக்கொண்டிருந்தது.

களிமண்ணை மிதித்து மிதித்துப் பன்றியும் குட்டிகளும் பொழுது இருட்டுவதற்குள் வாசலை அடைத்தன. வீடு போன நண்டு மூலையில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கியது.

ஊசியம்மாள் எல்லாரையும் அமர்த்தியது. "பாறைப் பொந்து கெட்டியப்பனுக்கு! அவன் ஓலை இல்லேன்னா நாம இந்தக் கோடையைத் தாண்டியிருக்க மாட்டோம்!"

எல்லாரும் "ஆகா!" என்றார்கள். நரியும் சொன்னது, கொஞ்சம் தாமதமாக.

கெட்டியப்பன் தலையைச் சொறிந்தது. "எனக்கு வேண்டாங்கக்கா. என் பொந்தைத் தோண்டி முடிச்சிட்டேன்."

"எப்போ!" என்று கேட்டார்கள்.

"இருபத்தெட்டாம் நாள்லேருந்து. ஓலை எழுதின பிறகு கை சும்மா இருக்க மாட்டேங்குது. தினம் ஒரு கைப்பிடி மண்ணு எடுத்தேன். முந்தாநாள் வால் உள்ளே போயிடுச்சு."

"அதான் பார்த்தேன்!" என்றது பன்றி. "வர்ற வழியில காலுக்கு ஏதோ குறையுதேன்னு!"

"பாறைப் பொந்தை நண்டுக்குக் கொடுங்க," என்றது கெட்டியப்பன். நண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதுக்குப் பின்வாசல் உண்டா?" என்று கேட்டது. "கிடையாது!" என்று காடே கத்தியது.

மறுநாள் பருந்து மூன்றாம் முறையாக வந்தது. பொந்துக்கு மேலே இரண்டு சுற்று சுற்றியது. கீழே விசாரிக்க ஒன்றுமில்லை. திரும்பிப் போய்விட்டது.

உள்ளே கெட்டியப்பன் வாலைச் சுருட்டி வைத்துக்கொண்டு, பந்தயம் முடிந்ததையும் மறந்து, நாற்பத்தொன்பதாம் ஓலையை எழுதிக்கொண்டிருந்தது. 'உ. இன்று தண்ணீர் ஒரு விரல்தான் குறைந்தது.'

எல்லாவற்றையும் ஒரே நாளில் எழுதி வைத்தவனையும், சரியான சொல்லுக்காகக் காத்து நின்றவனையும்விட, நாள் தவறாமல் ஒரு வரி எழுதியவனே ஊருக்கு உதவினான், தன் வாலையும் காப்பாற்றிக்கொண்டான்.