ஐநூறு மணி தாண்டாத டிராக்டர்

ஒட்டங்காட்டுப்பட்டி உழவர் சங்கத்தில் உறுப்பினர்கள் நான்கு பேர், தீர்மானங்கள் நூற்றுப் பதினேழு. மற்ற ஊர்ச் சங்கங்கள் தீர்மானம் போட்ட மறுநாளே அதை மறந்துவிடும். அப்படிப்பட்ட சங்கங்களால் நான் நிறைய நொந்தவன். ஆனால் இவர்களை அப்படிக் குறை சொல்ல முடியாது. போட்ட தீர்மானத்தை நிறைவேற்றாமல் ஓய மாட்டார்கள். ஊருக்கு அதுதான் கஷ்டம்.

தலைவர் வீரபெருமாள். செயலாளர் குருவலிங்கம், கடிதம் வந்தால் உரக்க வாசிப்பது அவன் பொறுப்பு. டிரைவர் பால்ச்சாமி. நான்காவது ஆள் சீனியம்மாள், தலைவருக்கு அண்ணன் மனைவி. அதனால் மற்ற இருவருக்கும் அவள் மதினிதான்.

நால்வரும் மாடுகளை விற்றுக் கூட்டாக ஒரு மினி டிராக்டர் வாங்கியிருந்தார்கள். அந்த வருஷம் மழை பெய்து மண் பதத்துக்கு வந்ததும், ஆண்கள் மூவரின் நிலத்தையும் உழுது விதைத்தாயிற்று. பாக்கி சீனியம்மாளின் இரண்டு ஏக்கர். கரிசல் மண் இன்னும் ஐந்து நாள் ஈரம் தாங்கும். அதற்குள் உளுந்து விழவில்லையென்றால் அவளுக்கு அந்த வருஷம் வெறுங்காடு.

அவள் முறை வந்த அன்று காலையில்தான் டிராக்டர் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. குருவலிங்கம் எழுந்து நின்று வாசித்தான்.

"உங்கள் வண்டியின் கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேய்ந்துபோக வாய்ப்புண்டு. வண்டி ஐநூறு மணி நேரம் ஓடி முடிப்பதற்குள், பழுது ஏற்படும் முன்பே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு வந்தால், வாரண்டியில் இலவசமாக மாற்றித் தருவோம். வண்டி நன்றாக ஓடினாலும் அலட்சியம் வேண்டாம்."

பால்ச்சாமி ஓடிப்போய் மீட்டரைப் பார்த்து வந்தான். நானூற்றுத் தொண்ணூற்றெட்டு மணி.

உடனே கூட்டம் கூடியது.

"பழுது இன்னும் வரலை," என்றார் வீரபெருமாள். "வராத பழுதை அவன் எங்கேயிருந்து எடுப்பான்?"

"அதானே. இருக்கிற பழுதை எடுக்கவே ரெண்டு நாள் ஆக்குவானுக. இல்லாத பழுதைத் தேடி எடுக்க ஒரு மாசம் ஆகும்," என்றான் குருவலிங்கம்.

"பிள்ளைக்கு நோய் வரும் முன்னாடி ஊசி போடுறோம்ல? அது மாதிரிதான்பா," என்றாள் சீனியம்மாள்.

மூவரும் இதைத் தீவிரமாக யோசித்தார்கள்.

"ஊசி போட்டா ரெண்டு நாள் காய்ச்சல் அடிக்குமே மதினி," என்றான் பால்ச்சாமி. "வண்டிக்கும் அடிச்சா என்ன செய்ய?"

கடைசியில் மெக்கானிக்கிடமே போன் போட்டுக் கேட்டார்கள். "நாளை மறுநாள் கொண்டாங்க, பிளேட் வந்துரும். அதுவரைக்கும் மீட்டர் ஐநூறைத் தாண்டாமப் பாத்துக்கிடுங்க," என்றார் அவர்.

பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை, நிறுத்திவைத்த டிராக்டரில் உட்கார்ந்து பால்ச்சாமி மீட்டரையே முறைத்தான். அவன் கண் சிமிட்டுகிற நேரத்தில் குருவலிங்கம் பார்த்தான். மாலையில் தலைவரிடம், "ஒரு தடவைகூடத் தாண்டலை அண்ணாச்சி," என்று தகவல் சொன்னான்.

"நின்னுக்கிட்டிருக்கிற வண்டி எப்படிய்யா தாண்டும்?" என்று கத்தினாள் சீனியம்மாள். "சர்வீஸ் சென்டர் பன்னெண்டு கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துல போயிருவீங்க. மாத்திட்டு வந்து என் காட்டை உழுங்க!"

"வழியில ரயில்வே கேட் போட்டிருந்தா?" என்றான் குருவலிங்கம். "அங்க ஒரு மணி நேரம் போச்சுன்னா ஐநூறு. அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் வாரண்டி இல்லைன்னுருவான்."

"எஞ்சினை நிப்பாட்டிட்டு நில்லுங்க."

"ரயில் வர்ற இடத்துல எஞ்சினை நிப்பாட்டச் சொல்றீங்களே மதினி, உசுரு பெருசில்லையா?" என்றான் பால்ச்சாமி வருத்தமாக.

வீரபெருமாள் தொண்டையைச் செருமினார். நூற்றுப் பதினெட்டாம் தீர்மானம் பிறந்தது: மீதியிருக்கும் இரண்டு மணி நேரமும் உழைப்பாளியின் சொத்து, அதை முதலாளியின் வாசலுக்குப் போகும் வழியில் சிந்தக் கூடாது, பிளேட் மாற்றும்வரை எஞ்சினை இயக்கக் கூடாது. மூன்று பேர் ஏகமனதாகவும் ஒருவர் தனிமனதாகவும் வாக்களித்து அது நிறைவேறியது.

மறுநாள் விடியலில் வீரபெருமாளின் மச்சினன் ஊரிலிருந்து இரண்டு ஜோடி மாடுகள் இரவல் வந்தன. டிராக்டருக்கு முன்னால் கயிறு கட்டி மாடுகளைப் பூட்டினார்கள். பால்ச்சாமி சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பினான். தலைவரும் செயலாளரும் மாடு பத்தினார்கள். வழியில் டீக்கடைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டார்.

"சேச்சே, நல்லா இருக்கு," என்றார் வீரபெருமாள். "அதான் ரிப்பேருக்குக் கொண்டு போறோம்."

ரயில்வே கேட் திறந்துதான் இருந்தது. ஆனாலும் ஒரு ரயில் போகட்டும் என்று காத்திருந்து, போன பிறகே தாண்டினார்கள்.

மெக்கானிக் பிளேட்டை மாற்றினார். ஸ்டார்ட் செய்து பார்க்கச் சாவியைக் கேட்டதும், மூவரும் முன்சக்கரத்துக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"அதான் பிளேட்டை மாத்தியாச்சே, இன்னும் என்னங்க?" என்றார் மெக்கானிக்.

"புதுப் பிளேட்டுக்கு என்ன வாரண்டி?" என்று உட்கார்ந்தபடியே கேட்டார் வீரபெருமாள்.

"நூறு மணி நேரம்."

"ஓட்ட ஓட்ட அது குறையுமா?"

"குறையத்தான செய்யும்."

"ஓட்டாமலே இருந்தா?"

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "ஓட்டாமலே இருந்தா ஆயுசுக்கும் தேயாதுங்க. போயிட்டு வாங்க."

மூவரும் எழுந்து கைதட்டினார்கள். நூறு மணி நேரம் மட்டுமே தருகிற இடத்தில் ஆயுள் முழுவதற்கும் வாங்கி வந்த போராட்டம் இந்த மாவட்டத்திலேயே இல்லை என்றார் வீரபெருமாள். அவர் சொன்னது உண்மைதான். நூற்றுப் பத்தொன்பதாம் தீர்மானத்தை அங்கேயே போட்டார்கள்: எஞ்சினை இனி எக்காலத்திலும் இயக்குவதில்லை. ராத்திரி அங்கேயே தங்கினார்கள். மறுநாள் மாடுகளே வண்டியை ஊருக்கு இழுத்து வந்தன.

ஐந்தாம் நாள். சீனியம்மாள் விதைப்பையோடு காட்டில் நின்றாள். கால் கட்டைவிரலால் மண்ணைக் கீறிப் பார்த்தாள். கீழே இன்னும் கொஞ்சம் ஈரம் இருந்தது. மத்தியானம் வரை தாங்கலாம். அப்போது வரப்புக்கு அந்தப் பக்கம் முதலில் மாடுகள் வந்தன. அவற்றின் பின்னால் டிராக்டர் வந்தது. டிராக்டரின் பின்னால் ஐந்து கொழுக் கலப்பை.

"ஏம்ப்பா," என்றாள் அவள், "மாட்டை அவுத்து நேரா ஒரு கலப்பையில பூட்டக் கூடாதா?"

வீரபெருமாள் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "அப்புறம் டிராக்டர் எதுக்கு மதினி வாங்கினோம்?"

வாதாட நேரமில்லை. ஈரம் போய்க்கொண்டிருந்தது. பால்ச்சாமி கலப்பையை மண்ணில் இறக்கினான். மாடுகள் இழுத்தன. ஐந்து சால் அழகாக விழுந்தது. சீனியம்மாள் பின்னாலேயே விதைத்துக்கொண்டு போனாள்.

வரப்பு வந்தது. திரும்புவதற்குக் கலப்பையைத் தூக்க வேண்டும். தூக்குகிற லிஃப்ட் எஞ்சின் ஓடினால்தான் வேலை செய்யும்.

"தீர்மானம்," என்றான் குருவலிங்கம் மெதுவாக.

"தெரியும். நேரா விடு," என்றார் தலைவர்.

நேராகப் போனார்கள். வரப்பைக் கிழித்து, பக்கத்துக் காட்டைத் தாண்டி, புறம்போக்கில் இறங்கினார்கள்.

"யப்பா, என் நிலம் பின்னாடி போயிருச்சே!" என்று கூவினாள் சீனியம்மாள்.

"நிலம் போனா என்ன மதினி, உழவு நிக்கலையே!" என்று சீட்டிலிருந்து திரும்பிச் சொன்னான் பால்ச்சாமி. "ஈரம் இருக்கிற இடத்துல போட்டுக்கிட்டே வாங்க!"

அவள் கையில் விதை இருந்தது, காலுக்குக் கீழே ஈரம் இருந்தது. ஒரு நிமிஷம் நின்று யோசித்தாள். பிறகு போட்டுக்கொண்டே போனாள்.

அந்த வருஷம் சீனியம்மாளின் உளுந்து நன்றாகவே முளைத்தது. ஐந்து வரிசை அகலம், மூன்று ஊர் நீளம். களையெடுக்கக் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு அடுத்த ஊருக்குப் போய்ச் சேருவாள். நெடுஞ்சாலை குறுக்கிடும் இடத்தில் மட்டும் ஒரு செடிகூட வரவில்லை. முளைப்புத் திறனுக்கு உத்தரவாதம் கொடுத்த விதைக் கம்பெனிக்குச் சங்கம் கண்டனம் தெரிவித்திருக்கிறது. ஆய்வுக்கு வரும் அதிகாரிக்குக் காட்டுவதற்காக, மூவரும் அந்தத் தார் ரோட்டுக்குத் தினமும் தண்ணீர் பாய்ச்சி வருகிறார்கள்.