பார்த்துச் செய்ம்மா

லண்டன்ல, ஈஸ்ட் ஹாம்ல, மளிகைக் கடைக்கு மேல் மாடியில ஒரு குரு இருந்தாங்க. காவி கிடையாது, தாடியும் கிடையாது. சவரியம்மான்னு பேரு, வக்கீல். சிஷ்யை ஒருத்திதான், தேன்மலர். தொழில் கத்துக்க வந்தவ. அவ சம்பளமும் கடவுள் மாதிரி, இருக்குன்னு சொல்லுவாங்க, கண்ணுக்குத் தெரியாது.

அன்னைக்கு அவ வந்தவ கோட்டைக்கூடக் கழட்டல.

"மேடம், எங்கம்மாவோட அட்டிகையை நாளைக்கு உருக்கப் போறாங்களாம். அண்ணி பொண்ணுக்கு வளையல் பண்ண. உடனே நோட்டீஸ் அனுப்பணும்."

"அட்டிகை யாரோடது?"

"என்னோடது. எனக்காகத்தான் அண்ணிகிட்ட அம்மா குடுத்து வச்சாங்க. டிரஸ்ட், எனக்காக நம்பி ஒப்படைச்ச பொருள். நகைன்னா எழுத்து வேணாம், வாய் வார்த்தையே போதும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

"போதும். என்ன வார்த்தை?"

தேன்மலர் தயங்கினா.

"சாகுறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில, அண்ணி கையில டப்பாவைக் குடுத்து, 'நீ பார்த்துச் செய்ம்மா'ன்னாங்க."

சவரியம்மா மேஜை மேல இருந்த பொட்டலத்தை எடுத்து அவ கையில வச்சாங்க. உளுந்து வடை, சுடச்சுட.

"நீ பார்த்துச் செய்ம்மா"ன்னுட்டு உள் ரூமுக்குப் போன் பேசப் போயிட்டாங்க.

அவ காலையில இருந்து பட்டினி. மனசு அழுதா வயிறு லீவு போடாது. ஒரு வடை போச்சு. துணைக்கு இன்னொண்ணும் போச்சு. மேடம் திரும்பி வர்றப்போ எண்ணெய்த் தாள் மட்டும் இருந்துச்சு.

"அது கீழ மூட்டை இறக்குற துரைராசுக்கு வாங்குனது. அவர் இன்னும் சாப்பிடல."

தேன்மலருக்குக் காது சூடாச்சு. "நீங்க சொல்லவே இல்லையே மேடம்."

"அதுக்காக உன்னைத் திருடின்னு சொல்லலாமா?"

"எப்படிச் சொல்லுவீங்க? கையில குடுத்தீங்க. எனக்குன்னுதான் நான்..."

பாதியில நிறுத்திட்டா.

எண்ணெய்த் தாளை மடிச்சுக்கிட்டே சொன்னா. "ஆனா அங்க இருந்த எல்லாருக்கும் தெரியும் மேடம். அம்மா என்னைப் பார்த்துக்கிட்டேதான் குடுத்தாங்க."

"இன்னாருக்குக் குடுத்தே ஆகணும்னு ஒரு வார்த்தை? உன் பேரு?"

"சொல்ல வாயெடுத்தாங்க. அண்ணி அழுதுட்டே, 'எங்கிட்ட இதெல்லாம் சொல்லணுமா அத்தை'ன்னாங்க. அம்மா அவங்க கையைப் புடிச்சுக்கிட்டு அப்படியே விட்டுட்டாங்க. அதுக்கு மேல சொன்னா, நம்பலைன்னு ஆயிடும்ல மேடம். எங்க வீட்ல அப்படித்தான்."

"எங்க வீட்லயும் அப்படித்தான்."

"சாட்சிக்கு அண்ணன் வரமாட்டானா?"

"வருவான். 'பார்த்துச் செய்ம்மா'ன்னுதான் சொன்னாங்கன்னு சொல்லுவான். உண்மைதானே அது."

தேன்மலர் நாற்காலியில உக்காந்தா.

"போட்டுப் போட்டு ஒரு பக்கம் தேஞ்சு போயிருக்கும் மேடம். அம்மா கழுத்து பட்ட எடம். உருக்கினா அது போயிடும்."

சவரியம்மா நோட்டீஸ் தாள் எதையும் எடுக்கல. பேனாவை மூடி வச்சாங்க.

கீழ துரைராசு மூட்டையைப் பொத்துன்னு போடுற சத்தம் கேட்டுச்சு.

"மேடம், அன்னைக்கு அம்மா என் பேரைச் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"உங்க அண்ணி மொகம் கொஞ்சம் சுருங்கியிருக்கும்மா. அவ்வளவுதான்."