எட்டுக் கொம்பு ரவுட்டர்

புள்ளிமான் மகுடனும் அவன் மனைவி செவந்தியும் தாமரைக் குளத்தின் மேற்குக் கரையில் ஒரு பாறை வீட்டில் குடியிருந்தார்கள். முன்னறை, நடு அறை, பின்னறை என்று வீட்டுக்கு மூன்று அறைகள். முன்னறை வாசல் குளத்தைப் பார்த்தது. பின்னறைத் திறப்பு புதர்க்காட்டைப் பார்த்தது. பிறந்து பத்தே நாளான அவர்களுடைய குட்டி பின்னறையில்தான் படுத்திருந்தது. வெயில் படாத, குளிர்ந்த இடம் அது.

அந்தப் புதர்க்காட்டில் மூன்று நாட்களாக ஒரு புலி நடமாடியது.

காட்டில் காவல் வேலை குரங்குகளுடையது. குளத்தருகே உயரமான நாவல் மரத்தில் கருமுகன் என்ற குரங்கு பகல் முழுவதும் உட்கார்ந்திருக்கும். முன்பெல்லாம் புலியைக் கண்டால் அது கத்தும். பாறைக்குள் இருப்பவர்களுக்குக் கேட்காது. அதனால் வீட்டுக்கு வீடு கேபிள் இழுத்து, அலாரம் கொடுத்திருந்தார்கள். கருமுகன் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். வைஃபையில் இணைந்திருக்கும் அலாரங்கள் எல்லாம் அலறும், கூடவே அதன் குரலும் கேட்கும்.

மகுடன் வீட்டில் கேபிள் இருந்தது. அலாரமும் இருந்தது. ரவுட்டர்தான் போன வாரம் இடி விழுந்து கருகிப்போனது.

"ஏங்க, இன்னைக்காவது போய் ஒரு ரவுட்டர் வாங்கிட்டு வாங்க!" என்றாள் செவந்தி. "புலி எந்தப் பக்கம் வருதுன்னே தெரியல. குட்டிக்கு இன்னும் கால் சரியா ஊன வரல."

"வாங்கிட்டா போச்சு! இந்தக் காட்டுலயே பெரிசா வாங்கிட்டு வரேன்!"

"பெரிசா வேண்டாம். பின்னறைக்கு எட்டுற மாதிரி வாங்குங்க. கோடைக்குச் சேர்த்த நெல்லிக்காய் முப்பது கூடைதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோங்க!"

அந்தக் காட்டில் நெல்லிக்காய்தான் காசு. கோடையில் புல் காய்ந்துபோனால் அதுதான் சாப்பாடும்.

மகுடன் வாகை மரத்தடியில் இருந்த கடைக்குப் போனான். கடைக்காரர் நீலகண்டன் என்ற மயில். சரக்கு எடுத்துக் காட்டும்போதெல்லாம் தோகையை விரித்துக்கொள்வார். பாதிச் சரக்கு அதற்குப் பின்னால் மறைந்துவிடும்.

கடையில் ஏற்கெனவே ஒரு சருகுமான் நின்றிருந்தாள். பெயர் தும்பை. சருகுமான் முயல் அளவுதான் இருக்கும். கொம்பு முளைக்காத இனம். மேசை எட்டாததால் ஒரு கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

"என் வீட்டுக்கு வர்ற கேபிள்ல நாற்பதுதான் வேகம். இந்தப் பெட்டி மூவாயிரம்னு போட்டிருக்கே, மீதி வேகம் எங்கேருந்து வரும்?"

"அதெல்லாம் கம்பெனிக்காரன் போடுறதும்மா!" என்றார் நீலகண்டன்.

"வேகமான அலை, மெதுவான அலைன்னு ரெண்டு இருக்காமே. எது பாறையைத் தாண்டும்?"

"மெதுவானது தாண்டும். வேகமானது பக்கத்துலயே நின்னுடும்."

"ரெண்டு அலையும் உள்ள சின்னப் பெட்டி இருக்கா?"

நீலகண்டன் வேண்டா வெறுப்பாகத் தோகையை மடக்கினார். கீழ்த்தட்டில் இரண்டே ஆண்டெனா வைத்த ஒரு ரவுட்டர் இருந்தது. விலை ஆறு கூடை.

"இதைக் கொடுங்க. வீட்ல வச்சுப் பார்த்துட்டு, சரியா வரலைன்னா திருப்பித் தருவேன். ஏழு நாள் டைம்னு உங்க போர்டுலயே எழுதியிருக்கு."

"அதை எதுக்கும்மா படிச்சே!" என்று முனகினார் நீலகண்டன்.

மகுடன் சிரித்தான். "ஏம்மா தும்பை, ரெண்டே ரெண்டு கொம்பா? போன வருஷம் பிறந்த பயலுக்கே அதைவிட அதிகம் இருக்குமே!"

"எனக்கு அதுவும் இல்லையே அண்ணே. நான் உயிரோடதானே இருக்கேன்!" என்று சொல்லிவிட்டுத் தும்பை பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

மான்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எதிரே ஒரு கிடா வந்தால் முதலில் அதன் கொம்பில் எத்தனை கிளை என்று எண்ணுவார்கள். அதிகக் கிளை உள்ளவருக்கு மற்றவர் தலை தாழ்த்தி வழிவிட வேண்டும். குளத்தில் முதல் வாய்த் தண்ணீரும் அவருக்குத்தான். மகுடனுக்கு ஆறு கிளை. கூட்டத்தில் அதற்குமேல் யாருக்கும் இல்லை.

நீலகண்டனுக்கு இது தெரியும். மேல்தட்டிலிருந்து கறுப்பாக ஒன்றை இறக்கினார். எட்டு ஆண்டெனாக்கள் நாலா பக்கமும் விறைத்து நின்றன.

மகுடன் எண்ணினான். மறுபடியும் எண்ணினான். அவனை அறியாமலே அவன் தலை தாழ்ந்தது.

"எட்டு!"

"எட்டு!" என்றார் நீலகண்டன். "உங்க தகுதிக்கு இதுக்குக் கீழே நான் காட்டவே மாட்டேன்!"

"விலை?"

"முப்பது கூடை."

மகுடன் கேபிள் வேகத்தைக் கேட்கவில்லை. அலையைக் கேட்கவில்லை. பாறையைப் பற்றியும் கேட்கவில்லை. கோடைக்கான நெல்லிக்காய் மொத்தமும் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

ரவுட்டரை வாசலில் ஒரு கல்லின்மேல் வைத்தான். குளத்துக்கு வருபவர் போகிறவர் எல்லாருக்கும் தெரியும் இடம். மாலைக்குள் கூட்டம் கூடிவிட்டது. மான்கள் ஒவ்வொன்றாக வந்தன, எண்ணின, தலை தாழ்த்தின. நாலு கிளைக் கொம்புள்ள இளங்கிடா மாசாணம் மூன்று அடி பின்வாங்கியே போய்விட்டான்.

"அண்ணே, இது உங்களைவிட ரெண்டு அதிகம்!"

"என்னோடதுதானேடா! அப்போ எனக்கு மொத்தம் பதினாலுன்னு வச்சுக்கோ!"

செவந்தி மட்டும் அலாரத்தை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே நடந்தாள். முன்னறையில் அதன் பச்சை விளக்கு எரிந்தது. நடு அறையில் மினுக்கியது. பின்னறைக் குட்டியின் பக்கத்தில் வைத்ததும் அணைந்துவிட்டது.

"ஏங்க, பின்னறைக்கு வரவே இல்லை!"

"எட்டுக் கொம்பு இருக்கு, வராம எங்க போகும்? புது இடம் இல்லையா, ரெண்டு நாள்ல பழகிடும்!"

"ரவுட்டர் என்ன கன்னுக்குட்டியா பழகுறதுக்கு? உள்ளே தள்ளி வைங்க!"

"உள்ளே வச்சா யாரு பார்ப்பா?" என்று கேட்டான் மகுடன்.

மறுநாள் காலையில் மகுடன் குளத்துக்குப் போனதும் செவந்தி நேராக, ரெண்டு கொம்பு வாங்கியதாக அவன் சொல்லிச் சிரித்த தும்பையின் வீட்டுக்குப் போனாள்.

தும்பையின் ரவுட்டர் வீட்டின் நடுவில் ஒரு மாடத்தில் உட்கார்ந்திருந்தது. சுற்றி எதுவும் இல்லை. கடைசிப் பொந்தில்கூட அலாரத்தின் பச்சை விளக்கு எரிந்தது.

"வாசல்ல வச்சா பாதி அலை குளத்துக்குத்தான் போகும் அக்கா. மீனுக்கு எதுக்கு வைஃபை?" என்றாள் தும்பை. "நடுவுல, உயரமா வைங்க. மெதுவான அலையில அலாரத்தைச் சேருங்க. என் பெட்டியையும் எடுத்துட்டுப் போய் வச்சுப் பாருங்க. ரெண்டையும் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க."

செவந்தி அப்படியே செய்தாள். முதலில் எட்டு ஆண்டெனா ரவுட்டரை நடு அறை மாடத்தில் வைத்து, தும்பை சொன்ன அலையில் அலாரத்தைச் சேர்த்தாள். பின்னறையில் பச்சை எரிந்தது. அடுத்து அதே மாடத்தில் தும்பையின் பெட்டியை வைத்தாள். பின்னறையில் அதே பச்சை எரிந்தது. இங்கேயும் கேபிளில் வருவது நாற்பதுதான். எட்டு ஆண்டெனா வழியாக வந்தாலும் நாற்பது, இரண்டு வழியாக வந்தாலும் நாற்பது.

ஆறு கூடை செய்யும் வேலைக்கு முப்பது கூடை போயிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. தும்பையின் பெட்டியை அவளிடம் சேர்த்துவிட்டுக் கடைக்கு நடந்தாள்.

"திருப்பித் தர்றதா!" நீலகண்டனின் தோகை தானாக மடங்கியது. "உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"உங்க போர்டுல வீட்டுக்காரரைக் கேட்டுட்டு வரணும்னு எழுதலையே! ரெண்டு ஆண்டெனா ஒண்ணு கொடுங்க. மீதி இருபத்து நாலு கூடையை என் வீட்டுக்கு அனுப்புங்க. அப்புறம், கடை வாசல்ல எட்டு ஆண்டெனாவோட ஒரு அட்டைப் பெட்டி வச்சிருக்கீங்களே, உள்ளே ஒண்ணும் இல்லாதது, அதையும் கொடுங்க."

"அது எதுக்கு? அதுல வைஃபை வராதே!"

"வீட்டுக்கு இதை வச்சுக்கிறேன். அது வீட்டுக்காரருக்கு!"

அன்று முதல் மகுடன் வீட்டு வாசல் கல்லில் அட்டை ரவுட்டர் நின்றது. அசல் ரவுட்டர் நடு அறை மாடத்தில் சின்ன விளக்கோடு வேலை பார்த்தது. கூடைகள் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தன. மகுடன் வீட்டுக்குள் அதிகம் வருவதில்லை. பெருமை எல்லாம் வாசலில் இருந்தது.

நான்காம் நாள் பிற்பகல். வாசலில் வழக்கம்போல மான்கள் கூடியிருந்தன. மகுடன் தன் ரவுட்டரின் வேகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். செவந்தி பின்னறையில் குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் காதருகே அலாரம் அலறியது.

"புதர்ப் பக்கம்! புதர்ப் பக்கம்!" என்றது கருமுகனின் குரல். "பின் திறப்பை நோக்கி வருது! ஓடுங்க!"

செவந்தி குட்டியை மூக்கால் முட்டி எழுப்பினாள். அது எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. நடு அறை, முன்னறை, வாசல்!

"புலி!"

அடுத்த நொடி கூட்டம் மொத்தமும் குளத்தைச் சுற்றிப் பாய்ந்தது. குட்டி நடுவில், பெரியவர்கள் சுற்றிலும். புலி பின்னறைக்குள் நுழைந்தபோது புல் படுக்கை இன்னும் சூடாக இருந்தது. அதை முகர்ந்தது. எரிச்சலோடு ஓர் உறுமல் உறுமிவிட்டு வந்த வழியே போனது.

கருமுகன் ஆபத்து இல்லை என்று சொன்ன பிறகே எல்லாரும் திரும்பினார்கள். மாசாணம் நேராகப் போய் வாசல் கல்லுக்கு முன்னால் தலை தாழ்த்தினான்.

"எட்டுக் கொம்பு காப்பாத்திடுச்சு அண்ணே!"

"நான்தான் சொன்னேனே!" என்றான் மகுடன். "பார்த்தியா செவந்தி? பின்னறைக்கு வராதுன்னியே!"

செவந்தி அவன் காதருகே வந்து மெல்லச் சொன்னாள். "கேபிள் எங்கே போகுதுன்னு பாருங்க."

மகுடன் பார்த்தான். கேபிள் வாசலுக்கு வந்தது. கல்லைத் தொடாமல் கடந்து உள்ளே போனது. அவன் அதைப் பின்தொடர்ந்து நடு அறைக்குப் போனான். அங்கே கூரை தாழ்வு. ஆறு கிளைக் கொம்போடு நிமிர்ந்து நிற்க முடியாது. குனிந்து பார்த்தான். மாடத்தில் இரண்டு ஆண்டெனா. மூலையில் இருபத்து நாலு கூடை நெல்லிக்காய்.

வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தான். மாசாணம் காத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, எந்தக் கடை? என் வீட்டுக்காரி அடுத்த மாசம் குட்டி போடுறா. எங்க வீடும் பாறை வீடுதான். சேர்த்து வச்ச முப்பது கூடையை நாளைக்கே கொண்டுபோய்க் கொடுத்துடுறேன். எனக்கும் எட்டுதான் வேணும்!"

கூட்டம் மகுடனைப் பார்த்தது. செவந்தியும் பார்த்தாள். மகுடன் ஒரு வார்த்தை சொன்னால் பதினாலு கிளைப் பெருமை போய்விடும். சொல்லாவிட்டால் மாசாணத்தின் குட்டி பச்சை விளக்கு எரியாத ஓர் அறையில் படுத்திருக்கும்.

மகுடன் வாசல் கல்லுக்குப் போனான். கொம்பால் லேசாகத் தட்டினான். எட்டு ஆண்டெனாவும் சரிந்து விழுந்தன. அட்டை கிழிந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மகுடன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"உள்ளே வாடா மாசாணம்! தலையைக் குனிஞ்சு வா, கூரை இடிக்கும். காப்பாத்தினது எதுன்னு காட்டுறேன். விலை ஆறு கூடை. ஆனா வாங்குறதுக்கு முன்னாடி உன் வீட்டு அலாரத்தை எடுத்துட்டு அறை அறையா நட! எந்த இடத்துல விளக்கு அணையுதோ, அங்கே நின்னு யோசி!"

மாசாணம் குனிந்து உள்ளே போனான். மற்ற மான்களும் ஒவ்வொன்றாகத் தலை தாழ்த்தி அவன் பின்னால் போயின.

வீட்டுக்கு வாங்கும் பொருளை ஊர் பார்க்கும் வாசலில் நின்று அளக்காமல், அது தேவைப்படும் அறையில் நின்று அளப்பவர் ஏமாறுவதில்லை.