எட்டாத கை

"எழுதறவன் யார மனசுல வெச்சு எழுதோணும்ங்க டீச்சர்?"

வந்து உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டார் மாரப்பன். முப்பது வருஷம் பரிசல் ஓட்டியவர். ஆற்றுக்குப் பாலம் வந்த பிறகு கதை எழுதக் கிளம்பிவிட்டார். ஊரில் யாரும் சிரிக்கவில்லை என்றால் அது பொய். சிரிக்காமல் சொல்லிக்கொடுத்தவர் வேதவல்லி டீச்சர் ஒருவர்தான். அவருக்கு மாரப்பனைவிட இருபது வயது குறைவு.

"கதையைக் குடுங்கண்ணா. அப்புறம் சொல்றேன்."

சுழலுக்கே அஞ்சாத மனிதர் தயங்கித் தயங்கித்தான் தாள்களைக் கொடுத்தார்.

எல்லோரும் அறிந்த கதைதான். வெள்ளத்தில் பரிசல் கவிழ்ந்தது. மூன்று பேரை மாரப்பன் கரை சேர்த்தார். செங்கோடன் மட்டும் போய்விட்டான். 'கையை நீட்டினேன், எட்டவில்லை.' அன்றைக்கு ஊருக்குச் சொன்னதும் இதுதான், இன்றைக்கு எழுதியிருப்பதும் இதுதான்.

டீச்சர் ஏழாம் பக்கத்தில் நின்றார்.

"மத்த பக்கமெல்லாம் அடிச்சு அடிச்சு எழுதியிருக்கீங்க. இதுல மட்டும் ஒரு அடித்தல்கூட இல்லையே?"

"அது தானா வந்துருச்சுங்க."

"இருபது வருஷமாச் சொன்னதாச்சே, வராம இருக்குமா?"



"அந்தப் பக்கத்தைச் சத்தமாப் படிங்க."

படித்தார். குரல் கொஞ்சமும் பிசகவில்லை. ஆனால் இடது கை மட்டும் வேட்டியை இழுத்து இழுத்துக் கணுக்காலை மூடிக்கொண்டே இருந்தது.

"கால்ல என்னங்கண்ணா?"

"ஒண்ணுமில்லீங்க."

டீச்சர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.   மாரப்பன் எழுந்து போய்விடலாம் என்று பார்த்தார், முடியவில்லை.

"புடிச்சான்" என்றார் கடைசியில். "கவுந்த பரிசல நான் புடிச்சிருந்தேன். அவன் என் காலப் புடிச்சான். ரெண்டு பேரும் போயிருவோம்னு பயந்து உதைச்சேனுங்க. ரெண்டாவது உதையில விட்டுட்டான்."

டீச்சர் ஏழாம் பக்கத்தை உருவித் தனியே வைத்தார். ஒரு வெள்ளைத் தாளை மாரப்பன் பக்கம் நகர்த்தினார்.

"வேண்டாமுங்க டீச்சர். இதை எழுதிட்டு நான் ஊருக்குள்ள இருக்க முடியாது."

"ஊருக்கா பயப்படறீங்க?"

மாரப்பன் தாளைத் திருப்பித் தள்ளினார்.

"ஊர் பேசிட்டுப் போவட்டுங்க. அவன் சம்சாரம் பாவாயி இருக்குது. காப்பாத்தக் கை நீட்டுன மனுசன்னு இன்னைக்கும் என்னைப் பாத்தாக் கும்புடுது. அது மட்டும் படிச்சிரக் கூடாதுங்க. நெனச்சாலே குலை நடுங்குது."

"யார மனசுல வெச்சு எழுதோணும்னு கேட்டீங்களே?"

"ஆமாங்க."

டீச்சர் பேனாவை மூடி கழற்றி மாரப்பன் கையில் கொடுத்தார்.

"பாவாயி அக்காவ."