நாலு பேர் நடந்தால் பன்னிரண்டு மைல்

இந்தக் கதையைப் பூவலிங்கம் தன் வாயாலேயே சொன்னார். இருந்தும் பல வருடமாக எனக்கு ஒரு சந்தேகம் தீரவில்லை. ஊர்க்காரர்களின் புத்தியைப் பற்றி அல்ல, அதை நம்பிவிடலாம். கதை முடிந்த விதம்தான் உறுத்தியது.

மொட்டப்பனையூரில் முதன்முதலாக ஒருவனுக்கு வேலை உத்தரவு வந்தது. அவன்தான் பூவலிங்கம். மதுரையில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. அன்று மாலைக்குள் சேராவிட்டால் அடுத்தவனுக்குப் போய்விடும். ரயில் பத்து மணிக்கு. ஸ்டேஷன் பன்னிரண்டு மைல்.

விடியும்போதே மூட்டையோடு கிளம்பியவனை மாசானம் மாமா பிடித்து உட்கார வைத்தார்.

“என்னலே அவசரம்? ஒரு ஆள் மணிக்கு எத்தனை மைல் நடப்பான்?”

“மூணு, மாமா.”

“நாலு பேர் சேந்து நடந்தா?”

பூவலிங்கம் விரல்விட்டு எண்ணினான். “பன்னெண்டு!”

“அப்போ ஒம்பதுக்குக் கிளம்பினாப் போதும். இட்லியைத் தின்னு.”

ஒன்பதுக்கு, இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, நாலு பேராகக் கிளம்பினார்கள். வழியில் கோயில்பிச்சை தன் மாட்டுவண்டியை நிறுத்தினார். “ஏறுங்கலே. மணிக்கு ஆறு மைல் போகும்.”

“நாங்க பன்னெண்டுல போறோம். உம்ம வண்டியில ஏறி நேரத்தைக் கெடுக்கவா?” என்றார் மாமா.

வண்டி அவர்களைத் தாண்டிப் போனது. மாமா புழுதியைக் காட்டினார். “பாத்தியா, நம்ம வேகத்துல எப்படிப் புழுதி கிளம்புது!”

பாதி வழியில், களை பறித்துவிட்டு வந்த பதினாறு பேர் வழியனுப்பச் சேர்ந்துகொண்டார்கள். பூவலிங்கம் மறுபடி விரல்விட்டு எண்ணினான்.

“மாமா, இருவது பேரு, அறுவது மைலு! நிக்க முடியாம ஸ்டேஷனைத் தாண்டிப் போயிட்டா?”

எல்லோரும் நின்று நெடுநேரம் யோசித்தார்கள். கடைசியில் மாமா தீர்ப்புச் சொன்னார். “எட்டுப் பேர் முதுகைக் காட்டி நடங்க. முன்னால பாத்து நடக்கிற பன்னெண்டு பேர்ல அந்த எட்டைக் கழிச்சுட்டா மிச்சம் நாலு. பழைய பன்னெண்டுதான்.”

முதுகு காட்டி நடந்தவர்கள் ஆளுக்கு இரண்டு தடவை விழுந்தார்கள். வேகம் கட்டுக்குள் வந்தது.

ஸ்டேஷனை அடைந்தபோது மணி இரண்டு.

“வண்டி பத்துக்கே போயாச்சே!” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

பூவலிங்கத்தின் கண் கலங்கியது. மாமா மட்டும் அசரவில்லை. “அதுல எத்தனை பேர் போறாக, சார்?”

“எண்ணூறு பேர் இருக்கும்.”

மாமா பிளாட்பாரத்தில் கரியால் கணக்குப் போட்டார். பிறகு மருமகன் தோளைத் தட்டினார். “ரெண்டாயிரத்து நானூறு மைலுலே! அதைப் பிடிக்க முடியலைன்னு அழுவாங்களா?”

பூவலிங்கம் மறுநாள்தான் மதுரை போய்ச் சேர்ந்தான். அதிகாரி ஏன் தாமதம் என்று சீறினார். அவன் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினான். அதிகாரி கண்ணாடியை மாட்டினார், இரண்டு முறை கூட்டிப் பார்த்தார், கழித்துப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

“உன் மேல தப்பு இல்லைப்பா. கையெழுத்துப் போடு.”

போன மாதம்தான் பூவலிங்கத்திடம் அந்தச் சந்தேகத்தைக் கேட்க முடிந்தது:

“அண்ணாச்சி, அந்த அதிகாரிக்கு மொட்டப்பனையூர்ல எந்தத் தெரு?”